தேடிக் கிடைத்த வரிக்குக் குறிப்பு எழுதுதல்

கனோஜோ என்றால் இன்றைய ஜப்பானிய மொழியில் 'அவள்'. எழுத்தில் அது இரண்டே கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். இந்தச் சொல் நவீன ஜப்பானிய இலக்கியத்தில் எப்போது வேரூன்றியது என்று அறிய விரும்பும் மாணவர் இன்று நூலக அலமாரிகளைத் துழாவ வேண்டியதில்லை. அவோசோரா புன்கோ என்ற இணைய நூலகத்தின் கோப்புகளைத் தன் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு அந்த இரண்டு எழுத்துகளைத் தேடினால் போதும். சில நொடிகளில் ஆயிரக்கணக்கான வரிகள் திரையில் வந்துவிடும். ஆண்டுவாரியாக எண்ணி ஒரு வரைபடம் போட்டுவிடலாம் என்ற ஆசையும் கூடவே வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் என்ன பிழை நேரும், தேடி எடுத்த வரிகளுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுத உதவும் மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

மெய்ஜி காலத்தில், அதாவது 1868 முதல் 1912 வரையிலான ஆண்டுகளில், ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்த்தவர்களுக்குப் பெண்பால் படர்க்கைப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. 'கனோ ஒன்னா', அதாவது 'அந்தப் பெண்' என்று படிக்கப்பட்டு வந்த இரு எழுத்துகள் அந்தப் பணிக்கு வந்தன. நாளடைவில் அவற்றின் வாசிப்பு கனோஜோ ஆயிற்று. மொழிபெயர்ப்புச் சொற்கள் உருவான கதையைப் பற்றி யனாபு அகிரா 1982-இல் எழுதிய சிறு நூலில் இந்த மாற்றத்துக்கு இடம் உண்டு. ஆகவே ஒரு மெய்ஜி நாவலில் அந்த எழுத்துகள் கண்ணில் பட்டால், அவை 'கனோ ஒன்னா'வா கனோஜோவா என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பின்னால் வந்த எழுத்தாளர்களிடம் இன்னொரு பொருளும் சேர்ந்துகொள்கிறது: 'காதலி'. போதாக்குறைக்கு, ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. 'நியோபோ' என்றால் மனைவி. அந்தச் சொல்லின் முதல் எழுத்தும் 'பெண்' என்ற அதே எழுத்துதான். 'அந்த மனைவி' என்று எழுதிய இடத்திலும் நம் இரண்டு எழுத்துகளும் அடுத்தடுத்து நிற்கும். தேடல் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

எதிர்ப்பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. மோரி ஓகாய் 1890-இல் வெளியிட்ட 'மைஹிமே' கதையில் எலிஸ் என்ற ஜெர்மன் பெண்ணைக் குறிக்க, இன்று ஆணை மட்டுமே குறிக்கும் கரே என்ற சொல்லே வருகிறது. பழைய மொழியில் அந்தச் சொல் ஆண், பெண் இருவருக்கும் பொது. கனோஜோவை மட்டும் தேடுகிறவருக்கு அந்தக் கதை கண்ணில் படாது. கரேயைத் தேடுகிறவர் எலிஸை ஆணாக எண்ணிவிடுவார்.

எனவே கிடைத்த ஒவ்வொரு வரிக்கும் அருகில் சில கட்டங்கள் வேண்டும். வாசிப்பு எது, அதை மூலமே சொல்கிறதா அல்லது நாம் ஊகித்ததா, பொருள் என்ன, யாரைச் சுட்டுகிறது, கதைசொல்லி பேசுகிறாரா பாத்திரம் பேசுகிறதா, சொந்தப் படைப்பா மொழிபெயர்ப்பா, முதலில் அச்சேறிய ஆண்டு எது. இவற்றை நிரப்பிய பிறகுதான் அந்த வரியைச் சான்றாக வைத்து எதையும் வாதிட முடியும். நிரப்பாத வரி வெறும் எழுத்துப் பொருத்தம்.

மூலக் கோப்புகளின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டங்களின் தேவை இன்னும் தெளிவாகும். அவோசோரா புன்கோ 1997-இல் தோமிதா மிச்சியோவும் நண்பர்களும் தொடங்கியது. பெயருக்கு 'நீலவான நூலகம்' என்று பொருள். காப்புரிமை முடிந்த படைப்புகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்கிறார்கள். வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துகிறார். இப்படிச் சேர்ந்தவை 15,000 படைப்புகளுக்கு மேல். ஜப்பானிய இலக்கியத்தைக் கணினியில் ஆராயும் எவருக்கும் இந்த உழைப்பே அடித்தளம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

அந்தக் கோப்புகளில், கடினமான கான்ஜியின் வாசிப்பைச் சொல்லும் ஃபுரிகானா, அதாவது அச்சில் எழுத்தின் பக்கவாட்டில் பொடியாக வரும் உச்சரிப்புக் குறிப்பு, சொல்லை அடுத்து இரட்டைக் கோண அடைப்புக்குள் எழுதப்படுகிறது. கணினி எழுத்துத்தொகுதியில் இல்லாத அரிய கான்ஜி வந்தால், அதன் உறுப்புகளை விவரித்து ஒரு குறிப்பு சதுர அடைப்புக்குள் இருக்கும். படிப்பவருக்கு இரண்டும் உதவி. தேடுபவருக்கு இவையே தடை. நட்சுமே சோசெகியின் பூனை நாவலின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: 'வகஹாய் வா நெகோ தே அரு'. 'வகஹாய்' என்ற தன்மைப் பெயரை அடுத்து 'வா' என்ற இடைச்சொல் வருகிறது. கோப்பில் இரண்டுக்கும் நடுவே வாசிப்பு அடைப்புக்குறியோடு புகுந்திருந்தால், இரண்டையும் சேர்த்துத் தேடும் எளிய தேடல் வெறுங்கையோடு திரும்பும். அடைப்புக்குறிகளை எல்லாம் நீக்கிவிட்டுத் தேடினால் வரி கிடைத்துவிடும். ஆனால் வாசிப்பைச் சொல்லும் ஒரே சான்று அப்போது அழிந்திருக்கும். உருப்படியான கருவி செய்ய வேண்டியது, வாசிப்பைத் தனி அடுக்காக எடுத்துவைத்து, தேடலின் குறுக்கே வராமலும் முடிவில் காணாமல் போகாமலும் பார்த்துக்கொள்வது.

அந்த வாசிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. போருக்கு முந்தைய பத்திரிகைகளிலும் மக்கள் பதிப்புகளிலும் எல்லாக் கான்ஜிக்கும் ஃபுரிகானா இடும் வழக்கம் பரவலாக இருந்தது. யமமோதோ யூசோ 1938-இல் அதைக் கைவிடச் சொல்லி வாதிட்டார். 1946-இல் கான்ஜி எண்ணிக்கைக்கு வரம்பும் கானா என்ற ஒலியெழுத்துகளுக்குப் புதிய எழுத்துமுறையும் வந்தன. அதன்பின் வெளியான பாக்கெட் பதிப்புகளில் பதிப்பாசிரியர்கள் பழைய எழுத்துமுறையைப் புதியதாக மாற்றினார்கள். இளம் வாசகருக்குத் தேவை என்று பட்ட இடங்களில் ஃபுரிகானா சேர்த்தார்கள். அவோசோராவின் பல கோப்புகள் அத்தகைய பதிப்புகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. எந்தப் பதிப்பு, எழுத்துமுறை பழையதா புதியதா என்பது ஒவ்வொரு கோப்புக்கும் நேர்மையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஒரே படைப்பு பழைய எழுத்துமுறையிலும் புதிய எழுத்துமுறையிலும் இரு கோப்புகளாக இருப்பதும் உண்டு. தேடல் முடிவுகளின் பட்டியலில் இந்த விவரம் வரியோடு கூடவே வராவிட்டால், 1960-களின் பதிப்பாசிரியர் இட்ட வாசிப்பை 1890-களின் எழுத்தாளர் தலையில் கட்டிவிடுவோம். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எண்ணியும் விடுவோம்.

அடுத்து, சொல்லைச் சொல்லாகப் பிரிக்கும் பிரச்சினை. இடைவெளியின்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடியைப் பிரித்துப் படிக்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கு ஒப்பானது இது. 'தோக்கியோ மாநகரம்' என்பதை மூன்று கான்ஜிகளில் எழுதுகிறார்கள். அவற்றில் பின்னிரண்டும் சேர்ந்தால் கியோட்டோ. கியோட்டோவைத் தேடுகிறவருக்குத் தோக்கியோ வரிகள் வந்து குவியும். 'வெளிநாட்டவரின் வாக்குரிமை' என்ற தொடரை ஓரிடம் தள்ளிப் பிரித்தால் 'வெளிநாட்டுக் கேரட் ஆட்சி' என்று ஆகிவிடும் என்பது ஜப்பானியக் கணினி மொழியியல் வகுப்புகளில் தவறாமல் காட்டப்படும் எடுத்துக்காட்டு.

இதைத் தீர்க்கப் பரவலாகப் பயன்படும் நிரல் மெகாபு. கூடோ தாக்கு எழுதியது. தனக்குப் பிடித்த கடற்பாசி உணவின் பெயரையே நிரலுக்கும் வைத்தார். வாக்கியத்தின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் அகராதியில் தொடங்கக்கூடிய எல்லாச் சொற்களையும் அது எடுத்துக்கொள்கிறது. எந்தச் சொல் எவ்வளவு இயல்பானது, எந்தச் சொல்லை அடுத்து எது வரும் என்பதற்கெல்லாம் ஒரு விலை போட்டு, மொத்த விலை மிகக் குறைந்த பாதையைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த விலைகள் மனிதர்கள் கையால் பிரித்துக் குறித்துவைத்த வாக்கியங்களிலிருந்து கற்கப்பட்டவை. அதாவது இயந்திரத்தின் தீர்ப்புக்கு அடியில் ஏற்கெனவே யாரோ பொறுமையாக எழுதிய குறிப்புகள் இருக்கின்றன.

மெகாபுவின் துணை அகராதிகளில் இலக்கிய ஆய்வுக்கு அதிகம் பொருந்துவது யூனிடிக். 1948-இல் நிறுவப்பட்ட தேசிய ஜப்பானிய மொழி ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து வளர்ந்தது. ஒரு சொல்லை அது அடுக்கடுக்காகப் பதிகிறது: மேலே தலைச்சொல், அதன் கீழே ஒலி வடிவங்கள், அவற்றின் கீழே எழுத்து வடிவங்கள். 'எதிர்பார்த்தபடியே' என்ற பொருளுள்ள யஹாரியும் பேச்சில் வரும் யப்பாரியும் ஒரே தலைச்சொல்லின் கீழ் நிற்கும். செர்ரி மலரைக் குறிக்கும் சகுராவைப் பழைய கான்ஜியில் எழுதினாலும், புதிய கான்ஜியில் எழுதினாலும், ஹிரகானா என்ற கானா வகையில் எழுதினாலும் தலைச்சொல் ஒன்றே. தலைச்சொல்லைக் கொடுத்துத் தேடினால் எல்லா வடிவங்களும் வரும். வந்த பிறகு வடிவங்களைத் தனித்தனியே பிரித்தும் பார்க்கலாம். மெய்ஜி காலச் செந்நடைக்கும் பழைய ஹேயான் காலப் புனைகதைகளுக்கும் தனி யூனிடிக் அகராதிகள் உண்டு. இன்றைய செய்தித்தாளுக்கான அகராதியை வைத்து மெய்ஜி கால எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோவின் உரையைப் பிரிக்கப் போனால் இலக்கணமே தப்பிவிடும்.

எவ்வளவு நல்ல பகுப்பாய்வும் பிழையில்லாதது அல்ல. நூறு சொற்களில் 98 சரி என்று வைத்துக்கொண்டாலும் 400 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் எட்டு இடம் தவறு. அந்த எட்டும் சமமாகச் சிதறிக் கிடப்பதில்லை. அரிய சொல், வட்டார வழக்கு, எழுத்தாளர் வேண்டுமென்றே வளைத்த எழுத்துமுறை ஆகியவற்றின் மேலேயே அவை போய் விழுகின்றன. சான்மா என்ற மீனின் பெயரை 'மூன்று குதிரை' என்ற பொருளுள்ள கான்ஜிகளில் எழுதியவர் சோசெகி. இலக்கிய வாசகர் தேடி வருவது அப்படிப்பட்ட இடங்களைத்தான் என்பதால், சராசரித் துல்லியம் அவருக்கு ஆறுதல் தராது.

இப்போது கருவிகள். மொழி ஆய்வு நிறுவனத்தின் ஹிமாவாரி என்ற முழுவுரைத் தேடல் மென்பொருள் சொந்தக் கணினியில் இயங்குவது. 1895 முதல் 1928 வரை வெளிவந்த 'தாய்யோ' என்ற மாத இதழிலிருந்து ஐந்து ஆண்டுகளின் இதழ்களைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட உரைத்தொகுப்போடு தொடர்புடையது அதன் தோற்றம். தாய்யோ என்றால் சூரியன், ஹிமாவாரி என்றால் சூரியகாந்தி. தேடிய சொல் நடுவிலும் முன்பின் சூழல் இரு பக்கத்திலுமாக அட்டவணை வரும். வரியைத் தொட்டால் முழு உரையும் திறக்கும். அதே நிறுவனத்தின் சூனகோன் இணையத்தில் இயங்குகிறது. பழைய அரசவைப் பதவி ஒன்றின் பெயர் அதற்கு. 2011-இல் வெளியான 10 கோடிச் சொற்கள் கொண்ட சமகால எழுத்து உரைத்தொகுப்பையும், மன்யோஷூ என்ற பழங்கவிதைத் தொகுப்பு, கெஞ்சி கதை என்ற ஹேயான் காலப் புனைகதை போன்றவை அடங்கிய வரலாற்று உரைத்தொகுப்பையும் தலைச்சொல், சொல்வகை, அண்டைச் சொல் ஆகியவற்றைக் கொண்டு அதில் துருவலாம். முடிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும்.

இறக்கிய பிறகு நடப்பதில்தான் எனக்குக் கவலை. பெரும்பாலானோர் அதை எக்செலில் திறந்து, வலது ஓரத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, தோன்றியதை எழுதுகிறார்கள். 'மனைவி'யைக் குறிக்கும் நியோபோ வரியைக் கண்டால் அதை அழித்துவிடுகிறார்கள். இயந்திரம் தந்த வாசிப்பு தவறென்று தெரிந்தால் அதன் மேலேயே திருத்தி எழுதிவிடுகிறார்கள். சில மாதங்களில் எது உரை சொன்னது, எது இயந்திரம் ஊகித்தது, எது தாம் முடிவு செய்தது என்று அவர்களுக்கே தெரியாமல் போகிறது. கட்டுரையில் ஓர் எண் மட்டும் மிஞ்சுகிறது. அதைச் சரிபார்க்க இன்னொருவருக்கு வழி இல்லை.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதை அழகாகக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள். கிதமுரா கிகின் 1673-இல் முடித்த 'கொகெட்சுஷோ' கெஞ்சி கதையின் உரைப் பதிப்பு. பக்கத்தின் நடுவில் மூலம். மேல் விளிம்பில் தலைக்குறிப்பு. வரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பொருளும், பேசுவது யார் என்ற தகவலும். முந்தைய உரையாசிரியரின் கருத்தை எடுத்தாளும்போது அந்த உரைநூலின் பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக முன்னால் வைக்கிறார். எது மூலம், எது குறிப்பு, குறிப்பு யாருடையது என்ற மூன்றையும் பக்கத்தைப் பார்த்த உடனே வாசகர் பிரித்தறியலாம். பின்னால் இகெதா கிகான் 1953 முதல் 1956 வரை வெளியிட்ட 'கெஞ்சி மொனொகதாரி தாய்செய்' தொகுதிகளில் அதே கதைக்குச் சொல்லடைவும் சேர்ந்தது. சொல்லடைவு தயாரிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் எங்கே வெட்டுவது, எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். தேடலும் உரைக்குறிப்பும் அந்த உழைப்பில் ஒன்றாகவே இருந்தன. கணினி வந்து தேடலை நொடிப்பொழுது வேலையாக்கியபோது குறிப்பு பின்தங்கிவிட்டது.

ஆகவே தேடல் முடிவுகளுக்குக் குறிப்பேற்றும் மென்பொருளிடம் நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகவே சொல்லலாம். மூல வரியை யாரும் தொட முடியாதிருக்க வேண்டும். இயந்திரத்தின் பகுப்பு தனி அடுக்கில், எந்த அகராதி, எந்தப் பதிப்பு என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். கேட்டால் மெகாபு அடுத்தடுத்த சாத்தியங்களையும் தரும். முதல் ஊகத்துக்கும் இரண்டாவதுக்கும் விலை நெருங்கியிருக்கும் வரிகளைக் கருவி முன்னால் கொண்டுவந்து காட்டினால் மனிதரின் கவனம் வேண்டிய இடத்துக்குப் போகும். பொருந்தாத வரிகளை அழிக்காமல், ஏன் விலக்கினோம் என்ற காரணத்தோடு ஒதுக்கிவைக்க வேண்டும். ஒதுக்கிய வரிகளைப் பார்த்துத்தான் இன்னொருவர் நம் அளவுகோலையே புரிந்துகொள்வார்.

'முடிவு செய்ய இயலாது' என்ற தெரிவும் கட்டாயம் இருக்க வேண்டும். கவாபாட்டா யசுனாரியின் 'யுகிகுனி' நாவலின் முதல் சொல் எல்லையைக் குறிப்பது. அதை நாட்டெல்லைக்கு வழங்கும் கொக்யோ என்று படிப்பதா, பழைய மாகாண எல்லைக்குப் பொருந்தும் குனிசகாய் என்று படிப்பதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். சொல்லப்படுவது கோசுகே, எச்சிகோ என்ற இரு பழைய மாகாணங்களின் எல்லை என்பது ஒரு தரப்பின் வலு. வாக்கியத்தின் ஓசை மற்றத் தரப்பின் வலு. ஜப்பானிய இலக்கியத்தில் இவ்வளவு பேர் மனப்பாடமாக அறிந்த வாக்கியம் குறைவு. அதன் முதல் சொல்லுக்கே இரண்டு வாசிப்பு நிற்கிறதென்றால், ஒரே ஒரு மதிப்பை மட்டும் ஏற்கும் கட்டம் வாசகரைப் பொய் சொல்ல வைக்கிறது என்றே கொள்ள வேண்டும். இரண்டையும் பதியவும், எது யாருடைய கருத்து என்று எழுதவும் இடம் வேண்டும்.

ஒருவர் மட்டும் குறிப்பெழுதுவது போதாது என்பதும் இதிலிருந்து வருகிறது. கனோஜோ வரிகளில் இருநூறை எடுத்து இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் 'அவள்', 'காதலி', 'அந்தப் பெண்' என்று பிரிக்கட்டும். எத்தனை இடத்தில் ஒத்துப்போனார்கள் என்பதை, தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைக் கழித்துக் கணிக்க 1960-இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த கப்பா என்ற அளவை இருக்கிறது. எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் வேறுபட்ட வரிகள். அந்த வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேசும்போதுதான், மொழி மாறிக்கொண்டிருந்த இடம் எது என்று பிடிபடும். நல்ல கருவி அந்த வரிகளைப் பிரித்துக் காட்டும். பெரும்பான்மை பார்த்து மூடி மறைக்காது.

தொழில்நுட்பமாக ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். குறிப்புகளை உரைக்குள் நுழைக்காமல் தனிக் கோப்பில் வைத்து, இத்தனையாவது எழுத்து என்று இடம் சுட்டுவதே சரியான முறை. ஆனால் அவோசோரா கோப்புகள் பிழை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் திருத்தப்படுகின்றன. முன்பகுதியில் ஓர் எழுத்து கூடினால் பின்னால் உள்ள சுட்டுகள் எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். இடத்தின் எண்ணோடு முன்பின் சில எழுத்துகளையும் கோப்பின் திருத்தத் தேதியையும் சேர்த்து வைத்தால், உரை மாறினாலும் குறிப்பைச் சரியான இடத்தில் மீண்டும் பொருத்த முடியும்.

இந்தக் குறிப்பேற்றும் பணியைச் செய்ய ஜப்பானிய இலக்கியத்துக்கு இப்போது நல்ல அவகாசம் இருக்கிறது. 2018 டிசம்பர் 30-இல் அங்கே காப்புரிமைக் காலம் ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீண்டது. 1967-இல் மறைந்தவர்கள் வரை பொதுவுடைமையாகிவிட்டார்கள். 1968-இல் மறைந்தவர்களுக்கு 2039 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். நாவலாசிரியர் மிஷிமாவுக்கு 2041, கவாபாட்டாவுக்கு 2043. இந்த நீட்டிப்பு வாசகர்களுக்கு இழப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சோசெகி, ஓகாய், இச்சியோ, சிறுகதையாசிரியர் அகுதகாவா ஆகியோர் ஏற்கெனவே திறந்த வெளியில் இருக்கிறார்கள். ஒரு சொல்லைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதும் ஒவ்வொருவரும், எண்களை மட்டும் தராமல், குறிப்பேற்றிய வரிகளின் முழு அட்டவணையையும், விலக்கியவற்றையும், மூலக் கோப்பின் பதிப்பையும் தேதியையும் கட்டுரையோடு வெளியிட வேண்டும். பல்கலைக்கழகங்களும் இதழ்களும் அதை ஆய்வுப் பணியாகவே மதித்து, அட்டவணையைத் தயாரித்தவரின் பெயரைக் கட்டுரையாசிரியர் பெயருக்கு இணையாக அச்சிட வேண்டும்.